மணிக்கு 102 ரூபாய்: ஒரு பீன்யா கணக்கு



இந்த அறக்கட்டளை மேடையில் வழக்கமாக இலக்கியம் பேசுவார்கள். இந்த ஆண்டு தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் லேத் பட்டறை நடத்தியவர், ஆகவே பொருத்தம்தான். நான் அந்த வட்டாரத்துப் பட்டறைகளுக்கு அடக்கவிலைக் கணக்குப் போட்டுக் கொடுத்துப் பிழைத்தவன். கவிதையை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று முழுக்கக் கணக்குதான்.

எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, அதில் வரும் பணத்துக்குத் தகுமா?

இதைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு பேச்சு நடக்கிறது. “பட்டதாரியைவிட டெலிவரிப் பையன் அதிகம் சம்பாதிக்கிறான், மாதம் ஐம்பதாயிரம் எடுக்கிறானாம்” என்பது ஒன்று. “அது கொத்தடிமை வேலை” என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆர்டர் போடுகிறவர்கள், ஓட்டுகிறவர்கள் இல்லை. ஓட்டுகிறவனைக் கேட்டால், “பரவாயில்ல சார், ஓடுது” என்பான். அந்த ‘ஓடுது’ என்பதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இன்றைய வேலை.

முதலில் கம்பெனியின் எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். 2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் டெலிவரித் தொழிலாளர் சங்கங்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் அறிவித்தன. அதை ஒட்டி, சொமேட்டோவை நடத்தும் எட்டர்னல் நிறுவனத்தின் நிறுவனர் தீபிந்தர் கோயல் சில எண்களை வெளியிட்டார். 2025-இல் ஒரு டெலிவரித் தொழிலாளியின் சராசரி வருமானம், டிப்ஸ் சேர்க்காமல், மணிக்கு 102 ரூபாய். முந்தைய ஆண்டு அது 92. நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் ஓட்டினால் ஏறத்தாழ 26,500 ரூபாய். பெட்ரோல், பராமரிப்பு என்று 20 சதவீதம் கழித்தால் கையில் 21,000.

இது இந்திய சராசரி. பெங்களூருக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். நான் இதைச் சந்தேகப்படப் போவதில்லை. எதிர்த்தரப்பு தானாக முன்வந்து கொடுத்த எண்ணைவிட நல்ல சாட்சி எந்தக் கணக்கனுக்கும் கிடைக்காது. நான் கேட்பதெல்லாம், அந்த 20 சதவீதம் போதுமா என்பதுதான். அதற்குப் பீன்யாவில் ஒரு பழைய முறை இருக்கிறது.

பீன்யாவை ஒட்டிய ஜாலஹள்ளியில் 1953-இல் எச்.எம்.டி. ஆலை வந்தது. அடுத்த ஆண்டு பாரத் எலெக்ட்ரானிக்ஸ். பெரிய ஆலைகள் எல்லா உருப்படியையும் தாங்களே செய்வதில்லை. போல்ட், புஷ், ஷாஃப்ட், பிராக்கெட் என்று வெளியே கொடுத்து வாங்கும். எழுபதுகளில் பீன்யா தொழிற்பேட்டை எழுந்தபோது அந்த வெளிவேலையைச் செய்ய ஆயிரக்கணக்கான சின்னப் பட்டறைகள் முளைத்தன. அதற்கு நம் ஊர்ப்பெயர் ஜாப் வொர்க். இரும்பு பெரிய கம்பெனியுடையது, டிராயிங் அவர்களுடையது, விலையை முடிவு செய்வதும் பெரும்பாலும் அவர்களே. மெஷின், கரண்ட், வாடகை, ஆள், ரிஜெக்ஷன் ஆன உருப்படியின் நஷ்டம் எல்லாம் பட்டறைக்காரர் தலையில். தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து ஒரே ஒரு லேத்தில் தொடங்கி, வளர்ந்தவர்களும் உண்டு; அந்த லேத்தையும் விற்றுவிட்டு ஊர் திரும்பியவர்களும் உண்டு.

பிழைத்தவர்களையும் போனவர்களையும் பிரித்தது பெரும்பாலும் ஒரு தாள்தான். அதில் மெஷின் ஹவர் ரேட் என்று தலைப்பு இருக்கும். மெஷின் வாங்கிய விலை, அது எத்தனை வருஷம் உழைக்கும், ஆயில், டூல், கரண்ட், வாடகை, ஓட்டுகிறவர் கூலி, வேலை வராமல் சும்மா நிற்கும் நேரம், இதையெல்லாம் கூட்டி, ஒரு மணி நேரம் இந்த மெஷின் ஓடினால் குறைந்தது இவ்வளவு வந்தாக வேண்டும் என்று போடும் கணக்கு. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் கரண்டையும் கூலியையும் மட்டும் கழித்துவிட்டு மீதியை லாபம் என்று நினைப்பார். தேய்மானத்தையும் சும்மா நிற்கும் நேரத்தையும் விட்டுவிடுவார். முதல் வருஷம் நன்றாகவே இருக்கும். மெஷின் புதிது அல்லவா? மூன்றாம் வருஷம் ஸ்பிண்டில் ஆடும்போதுதான், இத்தனை நாள் லாபம் என்று வீட்டுக்குக் கொண்டுபோனது மெஷினின் சதை என்று தெரியும்.

டெலிவரிப் பையனும் ஜாப் வொர்க் பட்டறைதான். ஒரே ஆள், ஒரே மெஷின், இரண்டு சக்கரம். ஆர்டர் கம்பெனியுடையது, வாடிக்கையாளர் கம்பெனியுடையவர், ரேட் கார்டு கம்பெனியுடையது. வண்டி, பெட்ரோல், போன், டேட்டா, பஞ்சர், முழங்கால் எல்லாம் இவனுடையவை. பட்டறைக்காரருக்கு இருக்கிற ஓர் உரிமை மட்டும் இவனுக்கு இல்லை. இந்த ரேட் கட்டாது சார், இரண்டு ரூபாய் ஏற்றிக் கொடுங்கள் என்று பர்ச்சேஸ் மேனேஜரிடம் உட்கார்ந்து பேச முடியாது. பேச அங்கே ஆள் இல்லை. இன்னொரு விஷயத்தில் பட்டறைக்காரர்கள் இவனைப் பார்த்துப் பொறாமைப்படலாம். சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும் இழுத்தடிக்கும் கம்பெனிகளைப் பார்த்தவர்கள் அவர்கள். இவனுக்கு வாராவாரம் வந்துவிடுகிறது.

சரி, இவனுடைய மெஷின் ஹவர் ரேட்டைப் போடுவோம்.

பத்து மணி நேரத்தில் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும்? டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுப் போக்குவரத்துக் கணக்கில், பெங்களூரு நகரில் 10 கிலோமீட்டர் கடக்க 34 நிமிடம் 10 விநாடி ஆனது. அந்த ஆண்டு உலக அளவில் மூன்றாவது மெதுவான நகரம் நாம். அதாவது மணிக்குப் பதினேழரை கிலோமீட்டர். பத்து மணி நேரத்தில் நாலு மணி நேரம் ஓட்டல் வாசலிலும் மரத்தடியிலும் லிஃப்ட்டுக்காகவும் போய்விட்டது என்று வைத்தாலும், ஆறு மணி நேரத்துக்கு நூறு கிலோமீட்டர் வருகிறது. இருக்கும் இடத்திலிருந்து ஓட்டலுக்கு, ஓட்டலிலிருந்து வீட்டுக்கு, அந்த வீட்டிலிருந்து மறுபடி ஆர்டர் விழும் இடத்துக்கு. கடைசியில் சொன்ன அந்தக் காலி ஓட்டத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

நாளுக்கு நூறு என்றால் மாதம் 2,600 கிலோமீட்டர். பெங்களூரு டிராஃபிக்கில் லிட்டருக்கு 50 கிடைப்பதே நல்ல வண்டி. 52 லிட்டர், லிட்டர் 103 ரூபாய் என்று வைத்தால் 5,350. இது பெட்ரோல் மட்டும். 26,500-இல் இதுவே 20 சதவீதம் ஆகிவிட்டது. கம்பெனி சொன்ன பராமரிப்புக்கு இன்னும் வரவே இல்லை.

ஆயில், பிரேக் ஷூ, செயின் செட், டயர் ஆகியவற்றுக்குச் சராசரியாக மாதம் ஆயிரம் வைக்கிறேன். பீன்யா உள் சாலைகளில் மழைக்காலத்தில் ஓட்டியவர்கள் இது குறைவு என்பார்கள். போன் ரீசார்ஜ், வண்டி இன்சூரன்ஸ் ஐந்நூறு. அடுத்தது தேய்மானம். ஆபீஸ் போகிறவர் வண்டி வருஷத்துக்கு எட்டாயிரமோ பத்தாயிரமோ ஓடும். இவன் வண்டி 31,000. மூன்று வருஷத்தில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டும். ஒரு லட்ச ரூபாய் வண்டி அப்போது முப்பதாயிரத்துக்குப் போனால் பெரிய விஷயம். போன எழுபதாயிரத்தை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,950.

கூட்டுங்கள்: 5,350, 1,000, 500, 1,950. மொத்தம் 8,800. இருபத்தாறாயிரத்து ஐந்நூறில் கழித்தால் 17,700. இருநூற்று அறுபது மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 68 ரூபாய்.

மெஷினையும் ஆளையும் சேர்த்து 102. ஆளுக்கு மட்டும் 68. என் அனுமானங்களில் யாராவது குறை கண்டால் ஐந்து ரூபாய் மேலே கீழே போகும். அதற்கு மேல் நகராது. வண்டி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, அப்பா வாங்கிக் கொடுத்தது என்றால் மாதா மாதம் 1,950 கண்ணில் படாது. அதற்காக அது செலவாகாமல் போய்விடாது. ஒரு நாள் மொத்தமாக வரும்.

இன்னொரு செலவும் உண்டு. அதற்கு மாதக் கணக்கு போட முடியாது. நாம் வண்டிக்கு எடுக்கும் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினாலும், சரக்கு ஏற்றினாலும் இது செல்லாது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். நம் சொந்தப் பை சரக்கு இல்லை. முதுகில் மாட்டிய சிவப்புப் பெட்டியும் ஆரஞ்சுப் பெட்டியும் சரக்கு. விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் இந்த வரியைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் பையன்கள் சட்டென்று டீ-ஷர்ட்டைக் கழற்றி டிக்கியில் வைக்கிறார்கள்.

இவ்வளவு போட்டுவிட்டு, “ஆகவே தகாது” என்று உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஜாலஹள்ளி கிராஸில் மாலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

மெட்ரோ தூண் ஓரமாக, ஒரு பிரியாணிக் கடைக்கு எதிரே வண்டிகள் வரிசையாக நிற்கும். ஹேண்டில்பாரில் போன், அதன் மேல் மழைக்கு வெட்டி ஒட்டிய பிளாஸ்டிக் உறை. ஒருவன் டேங்க்கின் மேலேயே கால் நீட்டிப் படுத்திருப்பான். இன்னொருவன் கடைக்காரரிடம், “அண்ணா, ஆர்டர் ரெடியா?” என்று மூன்றாவது முறையாகக் கேட்பான். ஆப்பில் ரெடி என்று காட்டும். அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கும். அந்தப் பதினைந்து நிமிடம் யார் கணக்கில்? கடையின் கணக்கிலும் இல்லை, ஆர்டர் போட்டவர் கணக்கிலும் இல்லை.

அங்கே அரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனிடம் பேசிக்கொண்டிருந்தேன். பௌடர் கோட்டிங் பட்டறையில் ஹெல்பராக இருந்தவன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், காண்ட்ராக்ட் ஆள், மாதம் பதினாறாயிரம். ஏன் விட்டாய் தம்பி என்றேன்.

“அங்க சூபர்வைசர் அம்மா அப்பாவை இழுத்துத் திட்டுவாரு சார். ஒரு நாள் லீவு கேட்டா ரெண்டு நாள் சம்பளம் கட். தங்கச்சி வளைகாப்புக்கு விடல. இங்க நெனச்ச நேரம் ஆஃப் பண்ணிட்டு ஊருக்குப் போயிருவேன்.”

“இங்கே யாரும் திட்டுவதில்லையா?”

“திட்டறதுக்கு ஆளே இல்ல சார். ஐடி மட்டும் போயிடும்.”

பதினாறாயிரத்தைப் பன்னிரண்டு மணி நேரம், 26 நாளுக்குப் பிரியுங்கள். மணிக்கு 51 ரூபாய். இவன் கணக்கில் 51-இலிருந்து 68-க்கு வந்திருக்கிறான். யாரும் ஏமாற்றி இவனை இங்கே கூட்டி வரவில்லை. இவனும் கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறான். டெலிவரி வேலையின் சம்பளம் உயர்ந்ததாகத் தோன்றுவதற்கு, பீன்யாவின் காண்ட்ராக்ட் சம்பளம் எவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது என்பதுதான் பெரிய காரணம். நிர்ணயித்த நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்று சட்டம் பல பத்தாண்டுகளாகச் சொல்கிறது. அதை ஒழுங்காகக் கொடுத்திருந்தால், பன்னிரண்டு மணி நேரம் நின்ற ஹெல்பர் இன்று மெட்ரோ தூணுக்குக் கீழே நிற்க மாட்டான். “ஆளே கிடைப்பதில்லை, எல்லாப் பயலும் ஸ்விக்கி ஓட்டப் போய்விட்டான்” என்று சங்கக் கூட்டங்களில் குறைப்படும் பட்டறை நண்பர்கள் சிலர் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். என்மேல் கோபப்படலாம், அந்த 51-ஐ நான் எழுதவில்லை.

இப்போது மறுபடி 21,000-க்கு வருகிறேன். செலவு போக மீதி என்று கம்பெனி சொன்ன எண் அது. விந்தை என்னவென்றால், அதே எண் பீன்யா ஆலைகளில் ஏற்கெனவே பிரபலம். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டத்துக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். ஆகவே சில வருஷம் அனுபவமுள்ள ஒரு சி.என்.சி. ஆபரேட்டரை எடுத்துக்கொள்வோம். சம்பளம் சரியாக 21,000. எட்டு மணி நேரம், 26 நாள், அதாவது 208 மணி. மணிக்கு 101 ரூபாய். அந்த 102-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது பாருங்கள். ஆனால் இவருடைய 101-இல் மெஷின் சேரவில்லை. மெஷின் முதலாளியுடையது, தேய்ந்தால் அவருக்கு.

இந்த ஆபரேட்டருக்காக முதலாளி இ.எஸ்.ஐ.-க்கு 3.25 சதவீதம் கட்டுகிறார், ஏறத்தாழ 680 ரூபாய். பி.எஃப். பங்கு, 15,000 ரூபாய் வரம்பில் 12 சதவீதம், 1,800. இரண்டும் சேர்ந்து மாதம் 2,480. தொழிலாளியிடமிருந்து இ.எஸ்.ஐ.-க்குப் பிடிப்பது 0.75 சதவீதம், நூற்றைம்பது நூற்றறுபது ரூபாய்தான். அதற்குப் பதில் என்ன? உடம்பு சரியில்லாமல் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். வேலையில் அடிபட்டுப் படுத்தால் குணமாகும் வரை 90 சதவீதம். குடும்பத்துக்கே வைத்தியம், பீன்யாவிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் ராஜாஜிநகர். அங்கே வரிசையில் நிற்க வேண்டும், மாத்திரை சில நாள் இருக்காது, மறுக்கவில்லை. ஆனால் கடன் வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்று. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தையும் வேலை விபத்தாகவே இ.எஸ்.ஐ. கருதும், 2010-இல் செய்த திருத்தம் அது. தும்கூர் சாலையை நினைத்துப் பாருங்கள். 2021 டிசம்பரில் பீன்யா மேம்பாலத்தின் கம்பிவடத்தில் கோளாறு என்று மூடினார்கள். பிறகு சின்ன வண்டிகளை மட்டும் மேலே விட்டார்கள். லாரியும் கன்டெய்னரும் இரண்டு வருஷத்துக்கு மேல் கீழே சர்வீஸ் ரோட்டில் உருண்டன. அதே ரோட்டில், அதே குழியில், காலை எட்டரை மணிக்கு இரண்டு பைக்குகள் சறுக்கி விழுகின்றன என்று வையுங்கள். ஒன்று ஆபரேட்டருடையது, இன்னொன்று காலை டிபன் ஆர்டரோடு போனது. இருவருக்கும் ஒரே மாதிரி முழங்கால் முறிவு. மூன்று மாதம் படுக்கை. ஆபரேட்டர் வீட்டுக்கு மாதம் 18,900 வரும். டெலிவரி கம்பெனிகளும் விபத்துக் காப்பீடு வைத்திருக்கின்றன, அதில் மருத்துவச் செலவு கிடைக்கக்கூடும். ஆனால் விழுந்த நேரத்தில் லாகின் இருந்ததா, கையில் ஆர்டர் இருந்ததா, இந்த மாதம் எத்தனை ஆர்டர் முடித்திருக்கிறான் என்பது போன்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் படுக்கையிலிருந்தே.

இவையெல்லாம் காசாக்கிச் சொல்லக்கூடிய வேறுபாடுகள். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படும் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தவன், அங்கே அவனுக்குச் சொல்லித்தர ஒரு நல்ல மனிதர் இருந்தால், ஆறு மாதத்தில் வெர்னியர் பிடிக்கப் பழகுவான். அப்புறம் டிராயிங் படிப்பான். ஆஃப்செட் போடுவான். மூன்று வருஷத்தில் ஆபரேட்டர், ஐந்து வருஷத்தில் செட்டர். மைக்ரான் கணக்கில் உருப்படி எடுக்கத் தெரிந்தவனை இந்த முதலாளி மதிக்காவிட்டால் அடுத்த தெரு முதலாளி இரண்டாயிரம் சேர்த்துக் கொடுத்துக் கூட்டிப் போவார். பீன்யாவில் இந்தத் திருட்டு நாள்தோறும் நடக்கிறது, நடக்கட்டும். கையில் ஏறிய வேலைக்கு விலை இருக்கிறது என்பதற்கு அதுதான் ருசு.

டெலிவரியில் ஐந்தாம் வருஷத்துக் கை, முதல் மாதத்துக் கையைவிட எவ்வளவோ தேர்ந்தது. எந்த அபார்ட்மென்ட்டில் பின் கேட் திறந்திருக்கும், எந்தக் கடையில் ஆர்டர் தாமதமாகும், எந்த வழியில் போனால் கொரகுண்டேபாளையா சிக்னலைத் தவிர்க்கலாம் எல்லாம் அத்துப்படி. ஆனால் ரேட் கார்டில் அந்த ஐந்து வருஷத்துக்கு என்று தனி வரி கிடையாது. நேற்று ஆப் இறக்கியவனுக்கும் இவனுக்கும் அதே கிலோமீட்டர், அதே காசு. புதியவனைச் சேர்க்கத் தரும் ஆரம்ப இன்சென்டிவ்வைப் பார்த்தால், சில வாரங்களில் புதியவனுக்கே கூட. வயது ஏற ஏற கூலி ஏறாத வேலை இது. முதுகு மட்டும் வருஷத்துக்கு வருஷம் கணக்கு வைக்கும்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. கோயல் வெளியிட்ட எண்களிலேயே இருக்கிறது. 2025-இல் ஒரு சராசரி டெலிவரித் தொழிலாளி வேலை செய்தது 38 நாள், வேலை செய்த நாளில் சுமார் ஏழு மணி நேரம். வருஷத்தில் 250 நாளுக்கு மேல் ஓட்டியவர்கள் 2.3 சதவீதம் மட்டும். பாருங்கள், இது பகுதிநேரமாக, வேண்டும்போது வந்து போகும் வேலை என்று காட்ட அவர் இதைச் சொன்னார். நான் வேறு மாதிரி படிக்கிறேன். ஒரு பட்டறையில் ஆள்கள் சராசரியாக 38 நாள்தான் வேலை பார்க்கிறார்கள் என்றால், கணக்குப் பார்க்க வந்த நான் முதலில் முதலாளியைத்தான் நிமிர்ந்து பார்ப்பேன். வந்தவர்களில் மாணவர்கள் இருப்பார்கள், அவசரத்துக்கு ஓட்டியவர்கள் இருப்பார்கள், சரி. மீதிப் பேர் ஓட்டிப் பார்த்து, கணக்குப் போட்டு, போய்விட்டவர்கள். என் தாளே தேவையில்லை, அவர்களே போட்டுவிட்டார்கள்.

அந்த எண்களை வைத்து இன்னொரு கேள்வியும் எழும். 26,500 என்பது பத்து மணி நேரம், 26 நாள் என்ற ஆளுக்கான கணக்கு. அப்படி ஓட்டினால் வருஷத்துக்கு 312 நாள். அந்த 2.3 சதவீதத்துக்குள்தான் அவன் இருக்க முடியும். ஆக, மாதம் இருபத்தாறாயிரம் எடுக்கும் ஆள் உண்மையில் அபூர்வமான ஆள். அவனைத்தான் நாம் உறவினர் வீட்டுப் பேச்சில் சராசரி ஆக்கிவிட்டோம்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. கிக் தொழிலாளி என்ற சொல்லுக்கு மத்தியச் சட்டத்தில் இடம் கிடைத்தது அதில்தான். ராஜஸ்தான் 2023-லேயே தனிச்சட்டம் போட்டது. கர்நாடகம் 2025 மே மாதம் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, அதே ஆண்டு முழுச் சட்டமாக்கியது. நல வாரியம், தொழிலாளர் பதிவு, ஒருவரை நீக்க வேண்டுமென்றால் 14 நாள் முன்னறிவிப்பும் காரணமும், ஒவ்வொரு ஆர்டரிலும் தொழிலாளிக்குப் போகும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதி. அந்தப் பதினான்கு நாள் எனக்கு மிகவும் பிடித்தது. “ஐடி மட்டும் போயிடும்” என்று சொன்னானே, அவனுக்கான வரி அது. நல நிதியை மட்டும் நம் தாளில் வைத்துப் பாருங்கள். 26,500-க்கு 1 சதவீதம் 265 ரூபாய். உச்சமான 5 சதவீதமே 1,325. ஆபரேட்டருக்காக முதலாளி கட்டுவது 2,480. பாதை திறந்திருக்கிறது, தூரம் இன்னும் இருக்கிறது.

காத்திருக்கும் நேரத்தைப் பற்றி நம் சட்டங்கள் அதிகம் பேசவில்லை. நியூயார்க் நகரம் 2023-இல் டெலிவரித் தொழிலாளர்களுக்கு மணிக்கு 17.96 டாலர் குறைந்தபட்சம் என்று நிர்ணயித்தபோது, ஆப்பைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட்டது. கலிஃபோர்னியாவில் 2020-இல் கம்பெனிகள் செலவழித்து வாக்கெடுப்பில் வென்ற விதியோ, கையில் ஆர்டர் இருக்கும் நேரத்துக்கு மட்டும் குறைந்தபட்சக் கூலி என்கிறது. ஒரே நாட்டில் இரண்டு விதம். நம் பட்டறை மொழியில் சொன்னால், மெஷின் சும்மா நிற்கும் நேரத்தை யார் தலையில் எழுதுவது என்ற பழைய தகராறுதான் அது. ஓட்டல் வாசலில் நிற்கும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஐந்து ரூபாய் என்று ஒரு விலை வந்துவிட்டால், பிரியாணியை வேகவைத்துவிட்டு ‘ரெடி’ பொத்தானை அமுக்க எல்லோரும் பழகிவிடுவார்கள்.

எலெக்ட்ரிக் வண்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இளைஞர்கள் என்னை விடமாட்டார்கள். என் தாளில் பெரிய தொகை பெட்ரோல். நூறு கிலோமீட்டருக்கு 206 ரூபாய். ஒரு மின் ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் குடித்தால் இருபத்தைந்து ரூபாயில் முடியும். மாதம் 4,700 மிச்சம். மணிக்கு 68 என்பது 86 ஆகும். நான் பார்த்தவரை இந்தத் தொழிலின் கணக்கை உண்மையில் புரட்டக்கூடியது இது ஒன்றுதான். தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் 2,000 தொழிலாளர்களுக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்ததும் இதனால்தான். முட்டுக்கட்டை எங்கே என்றால், ஹெக்கனஹள்ளியிலும் லக்கரேயிலும் மூன்றாம் மாடியில் நாலு பேர் சேர்ந்து இருக்கும் அறையில். கீழே சார்ஜ் போட வீட்டு ஓனர் விடமாட்டார். கரண்ட் பில் யார் கட்டுவது என்பார். அதற்காகத்தான் யூலு போன்ற வாடகை வண்டிகள். பாட்டரியை மாற்றிக்கொண்டு ஓடலாம். மணிக்கு 25 கிலோமீட்டர்தான் போகும், லைசென்ஸ் வேண்டாம். ஊரே பதினேழரையில் ஊரும்போது இருபத்தைந்து குறைவில்லை. ஆனால் தும்கூர் ரோட்டில் கன்டெய்னருக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன வண்டியைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். அதை மல்லேஸ்வரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, தகுமா தகாதா? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வேலை போய்விட்டது, அடுத்த வேலை கிடைக்கும் வரை வாடகை கட்ட வேண்டும்; வண்டி கையில் இருக்கிறது. தகும். இந்த ஊரில் நாளைக்கே தொடங்கி அடுத்த வாரமே காசு பார்க்கக்கூடிய வேறு கௌரவமான வேலை எனக்குத் தெரியவில்லை. பாலிடெக்னிக் படிக்கிறான், சாயங்காலம் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று மணி நேரம் ஓட்டுகிறான். தகும், ஆர்டர் அடுத்தடுத்து விழும் நேரம் அது, காத்திருப்பு குறைவு. ஆபரேட்டர் வேலையை விட்டுவிட்டு இதற்கு வருகிறேன் என்கிறவரிடம் நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன், வேண்டாம். அவர் விட்டுவருவது சம்பளத்தை மட்டுமல்ல, ஏணியை.

கடைசியாக, இந்த ஓட்டத்துக்கென்றே லோன் போட்டு வண்டி எடுக்கிறவன். ஒரு லட்சம், மூன்று வருஷம், 15 சதவீத வட்டி. மாதத் தவணை சுமார் 3,500. முதல் மூன்று மாதம் இன்சென்டிவ் வரும், கட்டிவிடுவான். பிறகு ரேட் கார்டு மாறும். தவணை மாறாது. முன்பு வேண்டாதபோது ஆஃப் பண்ணிவிட்டு ஊருக்குப் போக முடிந்தது. இப்போது பத்தாம் தேதி வரும் என்பதால் காய்ச்சலோடும் லாகின் போடுவான். எந்தச் சுதந்திரத்துக்காக வந்தானோ அதை முதல் தவணையோடு ஷோரூமில் கட்டிவிட்டான். இங்கே வந்திருக்கும் பெற்றோர் யாரிடமாவது பையன் இதற்காகக் கையெழுத்து கேட்டால், என் தாளின் பிரதி நுழைவாயிலில் இருக்கிறது. அவனையே உட்கார வைத்துக் கூட்டச் சொல்லுங்கள். கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பட்டறை நண்பர்கள் முதலில் கேட்கலாம்.